வால்வு அம்பிளிபயரும் நடுவில் காணாமற்போன நூல்களும்

மின் கிற்றார் வாசிக்கும் இளைஞர்களை இன்று கல்முனைக் கரையோர ஊர்களிலும் காணலாம். அவர்களுள் சிலர் என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்பதுண்டு. வானொலி, தொலைக்காட்சி, கணினி என எல்லாக் கருவிகளிலிருந்தும் வால்வு விடைபெற்ற பின்னரும் கிற்றார்க் கலைஞர் மட்டும் ஏன் அதைக் கைவிடவில்லை? அந்த வால்வு அம்பிளிபயர் எவ்வாறு வேலை செய்கிறது? அதை ஓரளவு ஆழமாகப் படிப்பதற்கு நூல் ஏதும் உண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வது கடினமன்று. மூன்றாவது கேள்வியே சிக்கலானது. தடையி என்றால் என்ன, ஈயம் பற்றவைப்பது எப்படி என்று சொல்லும் தொடக்க ஏடுகள் ஏராளம். மறுமுனையில், பொறியியற் பீட மாணவருக்கென எழுதப்பட்ட கணிதம் நிறைந்த நூல்களும் உண்டு. இவை இரண்டிற்கும் நடுவே, ஒரு மின்சுற்று வரைபடத்தை விரித்து வைத்து, 'இந்த உறுப்பு இந்த இடத்தில் ஏன் வந்தது, அதன் அளவு ஏன் இவ்வளவு, அதை மாற்றினால் காதில் என்ன கேட்கும்' என்று சொல்லித் தருகின்ற நூல் எங்கே? கேட்பவர் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டவர். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவரல்லர். அவர் நிற்கும் அந்த நடுப்படிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஆங்கிலத்தில் எவ்வாறு உருவாயிற்று, தமிழில் ஏன் உருவாகவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடிக் குமிழின் கதை

1880களில் தோமஸ் எடிசன் தமது மின்விளக்கின் கண்ணாடி உட்புறத்தில் கறுத்துப் போவதை ஆராய்ந்தபோது, சூடான இழைக்கும் விளக்கினுள் தனியே வைத்த உலோகத் தகட்டுக்கும் இடையே வெற்றிடத்தினூடாக மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். அதைக் கொண்டு என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் ஜோன் அம்புரோஸ் ஃபிளெமிங் 1904ஆம் ஆண்டில் அதே விளைவைக் கொண்டு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் குழாயைச் செய்தார். ஒருவழிக் கதவு போன்றது என்பதனால் 'வால்வு' என்ற பெயர் அதற்கு அமைந்தது. அமெரிக்கர் அதை 'டியூப்' என்றனர். இரு பெயர்களும் எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபொரஸ்ட் இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பிச் சட்டத்தைச் செருகினார். கிரிட் எனப்படும் அந்தக் கம்பிச் சட்டமே அம்பிளிபயர் என்ற கருவிக்குத் தாயாயிற்று.

அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்வதற்கு எங்கள் வயற்காட்டைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை. வாய்க்காலில் நீர் முட்டி நிற்கிறது. துருசுக் கதவைத் திருகுகின்றவருடைய கைக்கு அந்த நீரின் வேகத்தை உண்டாக்கும் வலு இல்லை. எனினும் அவர் கதவைச் சிறிது அசைத்தால் ஏக்கர்க் கணக்கான வயலுக்குப் பாயும் நீர் கூடும், அல்லது குறையும். வால்வினுள் சூடான கதோட்டு இலத்திரன்களை உமிழ்கிறது. பல நூறு வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் அனோட்டு அவற்றை இழுக்கிறது. நடுவேயுள்ள கிரிட் கதோட்டைவிட ஓரிரு வோல்ட் எதிர் மின்னழுத்தத்தில் நின்று அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கிற்றார்த் தந்தியின் அதிர்விலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தம் கிரிட்டை அசைக்க, அனோட்டின் பெரிய ஓட்டமும் அதே வடிவில் அசைகிறது. கேட்கின்ற பெரிய ஒலியின் ஆற்றல் கிற்றாரிலிருந்து வந்ததன்று. சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து வந்தது. கிற்றார் அதற்குக் கட்டளை மட்டுமே இடுகிறது. நடுப்படியின் முதற்பாடம் இதுதான்.

இக்குழாயின் வல்லமையை உலகம் உணர்ந்தது தொலைபேசியில். 1915 ஜனவரியில் நியூயோர்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் தொலைபேசியால் இணைக்கப்பட்டபோது, வழியில் நலிந்து போகும் குரலை மீண்டும் மீண்டும் தூக்கி நிறுத்தியவை வால்வுகளே.

இலங்கைக்கு வந்த வால்வு

இலங்கைக்கு வால்வு வந்த கதையும் சுவையானது. கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியிலேயே பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு தந்தித் திணைக்களத்தார் ஓர் ஒலிபரப்பியைக் கட்டினர் என்பது எமது ஒலிபரப்பு வரலாற்றின் நன்கறிந்த செய்தி. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பட்டது. உடைந்த பகைக் கருவியைப் பிரித்து, அதைப் படித்தறிந்து, புதிதாக ஒன்றைக் கட்டிய அந்தத் துணிவிலிருந்தே எங்கள் வானொலி பிறந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் இங்கு நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பி போரின் பின்னர் இலங்கை அரசிடம் வந்தது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகம் எவ்வளவு விரும்பிக் கேட்டது என்பதை அக்கால நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1967இல் அது கூட்டுத்தாபனமாகி, 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது.

ஒலிபரப்பியில் வால்வு இருந்தால் போதாது. கேட்பவர் வீட்டிலும் வால்வு இருக்க வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டிகளே கதியாயிருந்தன. கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் நீர்மின் நிலையம் அமைந்த பின்னர் கிழக்குக் கரையின் நிலை சிறிது சிறிதாக மாறத் தொடங்கியது. வானொலிப் பெட்டியைத் தொடர்ந்து ஒலிபெருக்கி அம்பிளிபயரும் வந்தது. கலியாண வீடு, கந்தூரி, மீலாத் மேடை, கோயில் திருவிழா, தேர்தற் கூட்டம் என எதற்கும் குழாய் ஒலிபெருக்கி இன்றியமையாததாயிற்று. மேலே தென்னையிலே குழாய் கட்டப்பட்டிருக்கும். கீழே பந்தலின் மூலையிலே அம்பிளிபயர்ப் பெட்டி. அதன் பின்புறத் துளைகளினூடே செம்மஞ்சள் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்த வால்வுகளைச் சிறுவர்கள் கூடிநின்று பார்த்த காலத்தை என் வயதுக்காரர் பலர் நினைவில் வைத்திருப்பர்.

அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதற்கு ஊருக்கு ஒருவராவது இருந்தார். அவருக்கு எந்த வால்வு தளர்ந்தால் ஒலி மங்கும் என்பது தெரியும்; எந்தக் கொன்டென்சர் ஒழுகினால் இரைச்சல் எழும் என்பதும் தெரியும். மூக்கினால் முகர்ந்தே எரிந்த தடையியைக் கண்டுபிடிப்பார். இந்த அறிவு ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குக் கைவழியாகச் சென்றது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பழைய உறுப்பை எடுத்து அதே அளவில் இன்னொன்றை வைக்க அது உதவும். அதே அளவு கிடைக்காதபோது எதை வைக்கலாம், வைத்தால் வேறெதை மாற்ற வேண்டும் என்ற இடத்தில் அது நின்றுவிடும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில் உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிருந்தது. அந்த எல்லை நன்கு உணரப்பட்ட காலம் அதுவேயாகும்.

ஃபுல்லர்ட்டனிலே ஒரு வானொலிக் கடை

இவ்விடத்தில் நாம் கடல் கடந்து கலிபோர்னியாவிலுள்ள ஃபுல்லர்ட்டன் என்ற சிறு நகருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கிற்றார் அம்பிளிபயரின் வரலாறு அங்கும் ஒரு வானொலி திருத்தும் கடையிலிருந்தே தொடங்குகிறது என்பதே காரணம். 1938இல் அக்கடையைத் திறந்தவர் லியோ ஃபெண்டர். அவர் பொறியியல் படித்தவரல்லர். கல்லூரியிற் படித்தது கணக்கியல். கிற்றார் வாசிக்கவும் அறியாதவர். பழுதுபார்க்க வந்த வானொலிகளையும் ஒலிபெருக்கிகளையும் பிரித்துப் பார்த்தே வளர்ந்தவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அவருடைய அம்பிளிபயர்கள் பொதுக்கூட்ட ஒலிபெருக்கியின் உடன்பிறப்புகளே.

1950களின் இறுதியில் அவருடைய நிறுவனம் வெளியிட்ட 'பாஸ்மன்' அம்பிளிபயரின் 5எஃப்6-ஏ என்னும் மின்சுற்று இன்றும் படிக்கப்படுகிறது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1962இல் இலண்டனின் ஹன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் தமது முதல் அம்பிளிபயரை உருவாக்கினார். மார்ஷல் ஒரு மேளக் கலைஞர். மின்சுற்றுவேலையைச் செய்தவர்கள் அவரிடம் பழுதுபார்ப்பாளராயிருந்த கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளம் தொழிற்பயிலுநரும் ஆவர். அமெரிக்க உறுப்புகள் கிடைக்காத இடங்களில் இங்கிலாந்தில் கிடைத்தவற்றைப் பொருத்தினர். வால்வின் வகை மாறியது, ஒலிபெருக்கி மாறியது, ஓசையும் மாறியது. ரொக் இசையின் பெரும்பகுதி அந்த மாற்றத்தின் மீதே எழுந்தது.

உதிரிப்பாகம் கிடைக்காத இடர்ப்பாடு கல்முனைக்கும் ஹன்வெல்லுக்கும் பொதுவானது. ஹன்வெல்லில் அது புதிய கருவியாயிற்று. கல்முனையில் கடையை மூடவைத்தது. கைத்திறனில் எங்கள் தொழிலாளர் எவருக்கும் குறைந்தவரல்லர். மூலதனமும் சந்தையும் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னே நின்ற காரணமொன்று உண்டு. ஃபெண்டருக்கும் பிரானுக்கும் நடுப்படி நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில், அவர்கள் பேசும் மொழியிலேயே இருந்தன.

வால்வு விற்றவர்கள் எழுதிய பாடநூல்

அந்த நூல்களை எழுதியவை பல்கலைக்கழகங்களல்ல. வால்வு உற்பத்தி செய்த நிறுவனங்கள். வால்வு விற்க வேண்டுமானால் அதைக் கொண்டு ஏதேனும் கட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் பெருக வேண்டும். எனவே அவை அறிவை மலிவு விலையிலும் இலவசமாகவும் வாரி வழங்கின. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்டு வந்த வால்வுக் கையேடு அவற்றுள் முதன்மையானது. வால்வின் அடிப்படை, ஒவ்வொரு வகையின் பண்புகள், கடைசியில் செய்து பார்க்கத்தக்க மின்சுற்றுகள் என்பது அதன் அமைப்பு. அதன் கடைசிப் பதிப்பு 1975இல் வந்தது. ஃபெண்டர் முதலியோரின் மின்சுற்றுகளில் அக்கையேடுகளின் சாயலைக் காணலாம்.

அவுஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்த வால்வு நிறுவனத்துக்காக லாங்ஃபோர்ட் ஸ்மித் தொகுத்த 'ரேடியோட்ரொன் டிசைனர்ஸ் ஹாண்ட்புக்' 1934இல் சிறு நூலாகத் தொடங்கி, 1950களின் தொடக்கத்தில் வந்த நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 1500 பக்கங்களாக விரிந்தது. இங்கிலாந்தின் முல்லார்ட் நிறுவனம் 1959இல் ஒலி அம்பிளிபயர் மின்சுற்றுகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டது. இவற்றோடு 'வயர்லெஸ் வேர்ல்ட்', 'பிராக்டிகல் வயர்லெஸ்' முதலிய சஞ்சிகைகளும் இருந்தன. வில்லியம்சன் என்ற பொறியியலாளர் 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட அம்பிளிபயரைப் பல நாடுகளில் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்தனர். பின்னாளில் இலங்கையைத் தமது தாயகமாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க், செய்மதித் தொடர்பு பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை 1945இல் எழுதியதும் அதே சஞ்சிகையில்தான்.

திரான்சிஸ்டர் வந்தது, வால்வுச் சந்தை சரிந்தது. விற்பதற்கு வால்வு இல்லாதபோது அதைப் பற்றிய நூலை அச்சிடுவாரும் இல்லை. நடுப்படி ஆங்கிலத்திலும் உடைந்து போனது இவ்வாறே. கிற்றார்க் கலைஞரின் பிடிவாதம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த அறிவு முழுவதும் நூதனசாலைக்குப் போயிருக்கும்.

காரைதீவில் பிறந்த ஆசான்

தமிழில் இத்தகைய முயற்சி எவராலும் நினைக்கப்படவில்லையா என்று கேட்டால், கல்முனையை விட்டு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சாய்ந்தமருதுக்கு அடுத்துள்ள காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் படித்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் அறிந்த பலர், அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் அவர் முன்னின்று உழைத்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லுவதற்குச் சொற்கள் வேண்டும் என்பதை வெறும் மொழிப்பற்றாக அவர் கொள்ளவில்லை. வகுப்பறையில் நின்றவரின் தேவையாகவே கொண்டார். 1947இல் வெளிவந்த அவருடைய 'யாழ் நூல்' இதற்குச் சான்று. சிலப்பதிகாரத்தில் வரும் யாழ் பற்றிய குறிப்புகளை எடுத்து, தந்தியின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, வழக்கொழிந்த கருவியின் இயல்பை மீட்டுக் காட்ட முயன்ற நூல் அது. இலக்கியமும் பௌதிகமும் கைவினையும் ஒரே நூலில் சந்திக்கின்றன. அவ்வாண்டிலேயே ஜூலையில் விபுலாநந்தர் மறைந்தார். அவ்வாண்டின் முடிவில் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தார் திரான்சிஸ்டரைக் கண்டறிந்தனர்.

1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இலத்திரன், கதோட்டு, தடையி, கொள்ளளவி, விரியலாக்கி என்று சொற்கள் பிறந்தன. பாடசாலைப் பாடநூல்கள் அவற்றைப் பயன்படுத்தின. ஆனால் பாடநூல் பரீட்சையோடு நின்றது. கடைத்தெருவிலே ஈயம் பற்றவைத்தவர் பேசிய 'கொன்டென்சர்', 'டிரான்ஸ்போமர்' என்ற சொற்களும், வகுப்பிலே மாணவர் எழுதிய 'கொள்ளளவி', 'நிலைமாற்றி' என்ற சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பன என்பதைக்கூடச் சொல்லித் தருவதற்கு ஒரு நூல் எழவில்லை. பாடசாலைக்கும் பட்டறைக்கும் நடுவே அந்த இடைவெளி அப்படியே கிடந்தது.

வால்வு ஏன் பிழைத்தது?

எங்கள் நாட்டிலும் கிற்றாருக்கு ஓர் இசை மரபு உண்டு. சிங்களத்தில் பைலா இருக்க, 1960களின் இறுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் தமிழ்த் துள்ளிசையை மேடைக்குக் கொண்டுவந்தனர். 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரமும், மத்திய கிழக்கிலிருந்து திரும்பியோர் சுமந்துவந்த கசற் வானொலிகளும் வால்வுப் பெட்டிகளை வீட்டின் மூலைக்குத் தள்ளின. பின்னர் வந்த போர்க்காலமும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையான கரையோரத்தை நொறுக்கிய கடற்பேரலையும் வீடுகளோடு இத்தகைய எத்தனையோ பழம்பொருள்களையும் கொண்டு போயின.

உலக மேடையில் மட்டும் வால்வு பிழைத்ததற்குக் காரணம் அதன் குறைபாடே. அளவுக்கு மீறித் தள்ளப்படும்போது எந்த அம்பிளிபயரும் ஒலியலையின் உச்சியை நறுக்கிவிடும். சாதாரண திரான்சிஸ்டர் அம்பிளிபயர் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்குகிறது. கிற்றாருக்கான வால்வு அம்பிளிபயர் அதைச் சிறிது வளைத்து, மழுக்கி நறுக்குகிறது. அதனால் தோன்றும் மேற்சுரங்கள் காதுக்கு இதமாக இருக்கின்றன. விரலின் அழுத்தத்துக்கேற்ப ஓசையின் தன்மையும் மாறுகிறது. வானொலிப் பொறியியலாளர் நோய் என்று விலக்கியதைக் கிற்றார்க் கலைஞர் குரல் என்று ஏற்றுக்கொண்டார். சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் வால்வு உற்பத்தி தொடர்வதற்கு அவரே பெருங்காரணம். 2022இல் உக்ரேன் போரையொட்டி ரஷ்ய வால்வு ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் இசைக்கடைகள் திண்டாடின.

இன்று படிக்க விரும்புவோருக்கு

இளைஞர்களின் மூன்றாவது கேள்விக்கு இப்போது வரலாம். பழைய நடுப்படி நூல்களான ஆர்சிஏ கையேடும், லாங்ஃபோர்ட் ஸ்மித்தின் பெருநூலும், 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழ்களும் இன்று மின்வருடப்பட்டு இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அமெரிக்கக் கடற்படை தனது பயிலுநருக்கென எழுதிய மின்னணுவியற் பாடத்தொடரில் ஆறாம் பகுதி வால்வுக்கும் மின்வழங்கிக்கும் உரியது. அது எவரும் இலவசமாகப் பெறத்தக்கது. புதிய நூல்களில் மோர்கன் ஜோன்ஸ் 1995இல் எழுதிய 'வால்வ் அம்பிளிபயர்ஸ்' பொதுவான ஒலிக்கருவி பற்றியது. கிற்றாருக்கென்றே எழுதப்பட்டவற்றில் மெர்லின் பிளென்கோ 2009இல் வெளியிட்ட முன்நிலை அம்பிளிபயர் பற்றிய நூலை முதலில் வைப்பேன். ரிச்சர்ட் கூனெல், பாஸ்மன் 5எஃப்6-ஏ மின்சுற்றை மட்டும் எடுத்து நூல் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார். அதை இரண்டாவதாகப் படிக்கலாம்.

நூலோடு ஒரு சிறிய மின்சுற்றும் மேசையில் இருக்க வேண்டும். ஃபெண்டரின் 'சாம்ப்' 5எஃப்1 அதற்கு ஏற்றது. அதில் மூன்றே வால்வுகள்: ஒலியைத் தூக்கும் 12ஏஎக்ஸ்7, ஒலிபெருக்கியை இயக்கும் 6வி6, மின்சாரத்தை நேராக்கும் 5வை3. ஏறத்தாழ ஐந்து வாட் வலு. மூன்று வால்வுகளையும் விளங்கிக்கொண்டவர் பெரிய அம்பிளிபயர்களையும் படிக்கலாம். அங்கும் இதே பகுதிகளே பெருகி நிற்கின்றன.

நடுப்படியின் கணக்கு எவ்வளவு எளிதானது என்பதைக் காட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதிக்கு 300 வோல்ட் வழங்கி, அனோட்டில் ஒரு லட்சம் ஓம் தடையி வைப்பதாகக் கொள்வோம். வால்வு முற்றாக மூடியிருந்தால் ஓட்டம் இல்லை. அனோட்டில் 300 வோல்ட். வால்வில் மின்னழுத்தமே விழாது என்று வைத்துக்கொண்டால் ஓட்டம் 3 மில்லி அம்பியர். வால்வுக் கையேட்டிலுள்ள வளைகோட்டுப் படத்தில் இவ்விரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அதுவே சுமைக்கோடு. கதோட்டில் 1500 ஓம் தடையி வைத்தால் ஓட்டம் ஏறத்தாழ 1 மில்லி அம்பியரில் நிலைகொள்ளும். கிரிட் கதோட்டைவிட ஒன்றரை வோல்ட் கீழே நிற்கும். அனோட்டில் 200 வோல்ட் இருக்கும். கையேட்டின்படி இவ்வால்வின் பெருக்கக் காரணி 100, உட்தடை 62,500 ஓம். ஒரு லட்சத்தை ஒரு லட்சத்து அறுபத்தீராயிரத்து ஐந்நூறால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 61.5 என்று வரும். அதாவது, கதோட்டுத் தடையிக்குக் குறுக்கே பெரிய கொள்ளளவி வைத்திருந்தால், கிரிட்டில் நுழையும் ஒலி அறுபது மடங்காகி வெளிவருகிறது. சாதாரண தரக் கணிதம் தெரிந்தவர் செய்யக்கூடிய கணக்கே இது.

அடுத்த நிலைக்கு ஒலியைக் கடத்தும் கொள்ளளவியையும் இவ்வாறே பார்க்கலாம். 0.02 மைக்ரோபரட் கொள்ளளவியும் பத்து லட்சம் ஓம் தடையியும் சேர்ந்தால் ஏறத்தாழ 8 ஹேர்ட்ஸுக்குக் கீழேயுள்ளதை மட்டுமே தடுக்கும். கொள்ளளவியைப் பத்திலொரு பங்காக்கினால் அந்த எல்லை 80 ஹேர்ட்ஸ் ஆகும். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. எனவே அதன் கனம் குறையத் தொடங்குவதைக் காதே சொல்லும். வெளியீட்டு நிலைமாற்றியும் மந்திரப் பெட்டியன்று. 5000 ஓம் சுமையை விரும்பும் 6வி6 வால்வையும் 4 ஓம் ஒலிபெருக்கியையும் இணைப்பதற்கு 1250க்கு 1 என்ற விகிதம் வேண்டும். கம்பிச் சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலமாகிய 35.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வால்வு அம்பிளிபயரினுள் உள்ள 300 முதல் 450 வோல்ட் வரையான நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்கக்கூடியது. மின்செருகியைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவிகளில் அது தங்கியிருக்கும். தகுந்த தடையியொன்றின் ஊடாக அதை வடித்து, மானியால் அளந்து, பூச்சியம் என்று கண்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். ஒலிபெருக்கி இணைக்காமல் அம்பிளிபயரை இயக்கினால் வெளியீட்டு நிலைமாற்றி கெட்டுப்போகலாம். அமெரிக்க வரைபடங்கள் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கு எழுதப்பட்டவை. எங்கள் நாட்டில் 230 வோல்ட் என்பதால் மின்வழங்கியின் நிலைமாற்றியை அதற்கேற்பவே வாங்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் முதன்முறை மின்சாரம் கொடுக்க வேண்டாம். நடுப்படி நூல் இல்லாதிருப்பது வெறும் அறிவுக் குறையாக மட்டும் முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று. துண்டு துண்டாகக் கேட்டறிந்த அறிவோடு பெட்டியைத் திறப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

செய்ய வேண்டியது

மேற்சொன்ன நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளவை. உயர்தரப் பௌதிகவியலில் திரான்சிஸ்டரையும் செயற்பாட்டு விரியலாக்கியையும் தமிழிற் படித்த மாணவருக்கு அவற்றின் கருத்து விளங்காததன்று. ஆங்கிலத் தொழில்நுட்ப நடையே தடையாக நிற்கிறது. கல்லோயாக் காலத்தில் தொடங்கிய அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வால்வு பழுதுபார்த்த தலைமுறையில் எஞ்சியிருப்போர் எண்பதை அண்மித்துவிட்டனர். அவர்களுடைய கைவழி அறிவை ஒலிப்பதிவு செய்து, அதற்குரிய கணக்கை மாணவர் எழுதிச் சேர்த்தால், நூறு நூற்றைம்பது பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு உருவாகிவிடும். பட்டறைச் சொல்லும் பாடநூற் சொல்லும் அதில் பக்கத்தில் பக்கமாக அச்சாக வேண்டும்.

வால்வைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கைப்பேசி, சூரியமின் தகடு, மீன்பிடிப் படகின் இயந்திரம், நெல் அறுவடை இயந்திரம் என எதை எடுத்தாலும் எங்கள் இளைஞர் நிற்பது இதே நடுப்படி இல்லாத இடத்திலேதான். எப்படிக் கழற்றுவது என்பது தெரியும். ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்ல அவர்கள் மொழியில் நூல் இல்லை. வால்வில் ஒரு வசதி உண்டு. அதன் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கணக்கு எளிது, மாற்றத்தின் பயன் உடனே காதில் கேட்கும். 'ஏன்' என்ற கேள்வியைப் பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல கருவி அரிது. மரபுரிமை பேசும் நாம் கட்டடங்களையும் ஏடுகளையும் காப்பதோடு நின்றுவிடாமல், கடைத்தெருவில் இருந்த இந்த அறிவையும் எழுதி வைக்க வேண்டும். அதை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.